அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு கனமா இருந்துச்சு, கேஸ்ங்கறாரு. கேஸா ஹார்ட்டானு எப்படி கண்டுபிடிக்கறது?

அரைத்தூக்கம் | காலை 8:40

மக்களே ஒரு டவுட், கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்க. அப்பாவுக்கு 58 வயசு, சுகர் 12 வருஷமா இருக்கு, பிபிக்கும் மாத்திரை போடறாரு, சிகரெட்ட விட்டு 3 வருஷம் ஆச்சு. நேத்து ராத்திரி ஒரு 2 மணி இருக்கும், திடீர்னு எழுந்து கட்டில்ல உக்காந்துட்டாரு. என்னப்பானு கேட்டா நெஞ்சு நடுவுல கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்குடானாரு, வலிக்குதானு கேட்டா வலி எல்லாம் இல்ல, கனமா இருக்கு அவ்ளோதான்ங்கறாரு. ஃபேன் ஃபுல் ஸ்பீட்ல ஓடுது ஆனா பனியன் புழிஞ்சா தண்ணி வர்ற அளவுக்கு வேர்வை, கைய தொட்டா ஜில்லுனு இருந்துச்சு. கேஸ் மாத்திரை ஒன்னு போட்டாரு, நாலஞ்சு ஏப்பம் விட்டாரு, ஒரு அரை மணி முக்கா மணி நேரத்துல பரவால்லனு சொல்லி படுத்துட்டாரு.

காலைல எழுந்து வழக்கம் போல பேப்பர் படிச்சிட்டு இருக்காரு. இடது தோள்பட்டை மட்டும் உளைச்சலா இருக்காம், ஒருக்களிச்சு படுத்ததால இருக்கும்ங்கறாரு. ஆஸ்பத்திரி போலாம்னா கத்தறாரு, "ஹார்ட் அட்டாக்னா நெஞ்ச புடிச்சிட்டு கீழ விழுவாங்கடா, நான் நல்லா தான இருக்கேன், போன வருஷம் எடுத்த இசிஜி கூட நார்மல்"னு. இது கேஸ் தானா இல்ல வேற எதுவுமானு வீட்டுலயே தெரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்கா?


நைட் டியூட்டி | காலை 8:52

தம்பி, படிச்சதும் கிளம்புங்க. நான் எமர்ஜென்சி வார்டுல நர்ஸா இருக்கேன், இப்பதான் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்தேன். 58 வயசு, சுகர், பிபி, பழைய சிகரெட், சும்மா தூங்கிட்டு இருக்கும்போது நெஞ்சுல கனம், 20 நிமிஷத்துக்கு மேல இருந்துருக்கு, கூடவே குளிர்ந்த வேர்வை, இப்ப தோள்பட்டை. இத வச்சு கேஸ்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல, உங்க அப்பாவுக்கும் இருக்க கூடாது.

அவர வண்டி ஓட்ட விடாதீங்க, உங்க டூவீலர் பின்னாடியும் உக்கார வைக்காதீங்க, மாடி வீடுனா தானா இறங்க விடாதீங்க. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. ஆஸ்பிரின் கொடுக்கலாமானு அவங்ககிட்டயே போன்ல கேளுங்க, அலர்ஜி, வயித்துப்புண், ரத்தம் உறையாம இருக்க ஏற்கனவே போடற மாத்திரை இதெல்லாம் இருந்தா மறக்காம சொல்லுங்க. அவர் போடற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கோங்க. விளக்கம் எல்லாம் அப்புறம் எழுதறேன்.


பழைய சைக்கிள் | காலை 9:05

தம்பி பயப்பட வேண்டாம், எல்லாம் நல்லபடியா நடக்கும். எனக்கு வாட்ஸ்அப்ல வந்த ஒரு முக்கியமான தகவல், எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். தனியா இருக்கும்போது நெஞ்சு வலி வந்தா பலமா இரும்பிகிட்டே இருக்கணுமாம், ஒவ்வொரு இருமலுக்கு முன்னாடியும் மூச்ச நல்லா இழுக்கணும், ஆஸ்பத்திரி போற வரைக்கும் இப்படி செஞ்சா இதயம் நிக்காதாம். அப்புறம் நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஒன்னு இருக்கு, என் பர்ஸ்ல எப்பவும் இருக்கும், உங்க வீட்டுலயும் வாங்கி வச்சுக்கோங்க, யாருக்கு வந்தாலும் கொடுக்கலாம்.


கணக்குப்பிள்ளை | காலை 9:20

அரைத்தூக்கம், கிளம்பிட்டீங்களா? கிளம்பலைனா இத அப்பாவுக்கு படிச்சு காட்டுங்க. என் அப்பாவுக்கு இதே மாதிரி தான் ராத்திரி 1 மணிக்கு ஆரம்பிச்சிருக்கு. எங்கள எழுப்பல. பசங்க தூங்கறாங்க, விடியட்டும்னு ஹால்ல இருட்டுல உக்காந்திருக்காரு, நடுவுல ரெண்டு தடவ வாந்தி, அதுவும் சத்தம் கேட்க கூடாதுனு பாத்ரூம் பைப்ப திறந்து விட்டுட்டு எடுத்திருக்காரு. காலைல 7 மணிக்கு அம்மா பாத்துட்டு கூப்பிட்டப்ப தான் எங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரில அடைப்ப எடுத்துட்டாங்க, ஸ்டென்ட் (குழாய் மூடாம விரிச்சு புடிக்கற சின்ன கம்பி வலை) வச்சாச்சு, ஆனா அந்த 6 மணி நேரத்துல போன தசை போனது தான். எக்கோல (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒரு துடிப்புக்கு இதயம் வெளிய தள்ளற ரத்தம், 30 சதவீதம்னு வந்துச்சு, சாதாரணமா 55க்கு மேல இருக்கணுமாம். இப்ப அவருக்கு குளிச்சிட்டு வந்து துண்ட உதறுனாலே மூச்சு வாங்குது, ராத்திரி ரெண்டு தலகாணி இல்லாம படுக்க முடியாது. உயிரோட இருக்காரு, அது பெரிய விஷயம் தான். ஆனா எங்கள எழுப்பியிருந்தா அன்னிக்கே நடந்தே வீட்டுக்கு வந்திருப்பாரோனு ஒவ்வொரு தடவ அவர் மூச்சு வாங்கும்போதும் தோணும்.


நைட் டியூட்டி | காலை 10:15

கணக்குப்பிள்ளை எழுதுனத நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பாக்கறேன். ஆஸ்பத்திரிக்குள்ள வந்தப்புறம் நாங்க ஓடற ஓட்டம் எல்லாம் நிமிஷ கணக்கு, வந்த 10 நிமிஷத்துக்குள்ள இசிஜி எடுத்து டாக்டர் பாத்திருக்கணும், முழு அடைப்புனா 90 நிமிஷத்துக்குள்ள ரத்தக்குழாய திறக்கணும்னு எங்களுக்கு விதியே இருக்கு. ஆனா வீட்டுல கட்டில்ல உக்காந்து "கேஸா இருக்குமோ"னு யோசிக்கிற நேரம் தான் எல்லாத்தையும் விட நீளமா இருக்கு. அதுக்கு யாரும் விதி போட முடியாது.

பழைய சைக்கிள் ஐயா, நல்ல எண்ணத்துல தான் போட்டிருக்கீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இருமல் மெசேஜ் 1999ல இருந்தே ஈமெயில்ல சுத்துனது, வாட்ஸ்அப் வந்தப்புறம் அதுக்கு மறுபிறவி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ல அடைப்பு எங்கனு பாக்கற டெஸ்ட்) பண்ற ரூம்ல, மானிட்டர்ல துடிப்பு தாறுமாறா ஆகறத டாக்டரே கண்ணால பாத்துட்டு "இரும்புங்க இரும்புங்க"னு சில செகண்ட் இரும்ப சொல்றது உண்டு, அடுத்த நிமிஷம் ஷாக் கொடுக்க மெஷின் பக்கத்துலயே இருக்கும். அத கொண்டு வந்து வீட்டுல தனியா இருக்கறவருக்கு சொன்னா என்ன ஆகும், போன் பண்ண வேண்டிய நேரத்துல இரும்பிகிட்டு இருப்பாரு. இதய நோய் சங்கங்களே இத செய்ய சொல்லலனு தெளிவா சொல்லிட்டாங்க.

நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் அப்படி தான், அது உங்களுக்கு டாக்டர் எழுதி கொடுத்தது, அதனால உங்க பர்ஸ்ல இருக்கட்டும், அடுத்தவங்களுக்கு வேண்டாம். அது ரத்தக்குழாய விரிச்சு பிபிய குறைக்கும். ஏற்கனவே பிபி கீழ இருக்கறவங்களுக்கோ, இதயத்தோட வலது பக்கம் அடி வாங்கினவங்களுக்கோ, ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை போட்டவங்களுக்கோ (இத யாரும் வீட்டுல சொல்ல மாட்டாங்க, ஆனா எங்ககிட்ட சொல்லிடுங்க, நாங்க சிரிக்க மாட்டோம்) கொடுத்தா பிபி ஒரேடியா விழுந்து ஆளே மயங்கிடுவாரு. ஆஸ்பிரின் கதை வேற, அதுக்கு 1988ல 17,000 பேருக்கு மேல வச்சு பண்ண ஆராய்ச்சி இருக்கு, ஐசிஸ் 2னு பேரு, ஆஸ்பிரின் மட்டுமே சாவ கிட்டத்தட்ட கால்வாசி குறைச்சுது. அது ரத்தக்கட்டிய கரைக்காது, மேல மேல வளர விடாம நிறுத்தும். 300 மில்லிகிராம், முழுங்காம கடிச்சு மென்னு தின்னா வேகமா வேலை செய்யும். ஆனா நெஞ்சு வலி எல்லாமே அடைப்பு இல்ல, பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சாலும் நெஞ்சு வலிக்கும், அப்ப ஆஸ்பிரின் கெடுதல். அதனால தான் மொதல்ல போன், அவங்க சொன்னா மாத்திரை.

இப்ப கேஸ் விஷயத்துக்கு வரேன். ஏப்பம் வந்துச்சு, கொஞ்சம் லேசாச்சு, அதனால கேஸ்னு எல்லாரும் முடிவு பண்றாங்க. இதயத்தோட கீழ் சுவர் உதரவிதானத்து மேல (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) தான் படுத்திருக்கு, அதுக்கு நேர் கீழ இரைப்பை. அந்த கீழ் பக்கம் அடைப்பு வந்தா மேல் வயித்துல அழுத்தம், குமட்டல், வாந்தி, ஏப்பம் எல்லாம் வரும். இன்னொன்னு, இதயத்துல இருந்து வலி சொல்ற நரம்பும் கையில இருந்து வர்ற நரம்பும் தண்டுவடத்துல ஒரே இடத்துல தான் போய் சேருது, மூளைக்கு எது எங்க இருந்து வந்துச்சுனு குழப்பம் ஆகிடும். அதனால தான் ரிப்பேர் நெஞ்சுல, வலி தோள்பட்டைல, இடது கையோட உள்பக்கம் சுண்டு விரல் வரைக்கும், சில பேருக்கு ரெண்டு கையிலயும், கழுத்துல, கீழ் தாடைல, முதுகுல. கேஸ் மாத்திரைக்கு கேட்டுச்சுனா ஹார்ட் இல்லனும் அர்த்தம் கிடையாது. அடைச்ச ரத்தக்கட்டி சில சமயம் தானாவே கொஞ்சம் விலகி வழி விடும், அப்ப வலி குறையும், ஒரு மணி நேரமோ ஒரு நாளோ கழிச்சு திரும்ப மூடலாம். அந்த இடைவெளில மாத்திரை போட்டிருந்தா நல்ல பேரு மாத்திரைக்கு.

வலினே பல பேர் சொல்ல மாட்டாங்க. கனம், இறுக்கம், யாரோ ஏறி உக்காந்த மாதிரி, பெல்ட் போட்டு கட்டுன மாதிரினு தான் சொல்வாங்க. எங்க வலிக்குதுனு கேட்டா ஒரு விரல காட்டாம உள்ளங்கைய விரிச்சோ மூடுன முஷ்டிய வச்சோ நெஞ்சு நடுவுல காட்டுனா எனக்கு வயித்த கலக்கும். சுகர் பல வருஷமா இருக்கறவங்களுக்கு நரம்பு மரத்து போயிருக்கும், அவங்களுக்கு வலியே இல்லாம வெறும் மூச்சு வாங்கல், வேர்வை, சோர்வுனு மட்டும் வரலாம்.

கீழ விழறது பத்தி உங்க அப்பா சொன்னாருல்ல, அது வேற. ஹார்ட் அட்டாக்னா ரத்தக்குழாய் அடைப்பு, ஆள் பேசிகிட்டு இருப்பாரு, பேப்பர் கூட படிப்பாரு. இதயம் துடிப்பே நின்னு போறது கார்டியாக் அரெஸ்ட், அது அட்டாக்கோட நடுவுல எந்த நிமிஷமும் வரலாம், அதனால தான் வண்டி ஓட்டாதீங்கனு சொல்றோம். அப்படி விழுந்து கூப்பிட்டா எழுந்திருக்கல, மூச்சு இல்ல இல்லனா மீன் மாதிரி வாய திறந்து திறந்து மூடுறாருனா அது மூச்சு கணக்கு இல்ல, ஒருத்தர் போன் பண்ண ஒருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கைய வச்சு நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ, 5 சென்டிமீட்டர் இறங்கற மாதிரி அழுத்திகிட்டே இருங்க, ஆள் வர்ற வரைக்கும்.


மழைக்குருவி | காலை 11:30

சிஸ்டர் சொன்ன தாடை விஷயத்துக்கு நான் சாட்சி. எனக்கு 51 வயசுல வந்துச்சு. நெஞ்சு வலினு ஒன்னு வரவே இல்லைங்க. ஒரு மூணு வாரமா சொல்ல முடியாத அசதி, துணி மடிச்சு வைக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ உக்காரணும், ராத்திரி காரணமே இல்லாம தூக்கம் கலையும். மாதவிடாய் நிக்கற வயசு, அதான்னு நானே எனக்கு டாக்டர். அப்புறம் நடந்தா கீழ் தாடை ரெண்டு பக்கமும் வலிக்கும், நின்னா போயிடும். பல் டாக்டர்கிட்ட போனேன், எக்ஸ்ரே எடுத்து ஒரு பல்ல அடைச்சு விட்டாங்க, அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், நான் நடந்தா தான் வலிக்குதுங்கறத சொல்லவே இல்ல. பல் வலி நடக்கும்போது மட்டும் வருமானு எனக்காவது தோணியிருக்கணும்.

ஒரு நாள் காலைல குளிச்சிட்டு வந்தேன், தாடை வலியோட முதுகுல ரெண்டு தோள் சப்பைக்கும் நடுவுல ஒரு அழுத்தம், குமட்டல், கண்ணு இருட்டுது. என் பொண்ணு தான் நான் சொல்ல சொல்ல கேக்காம இழுத்துட்டு போனா. இடது பக்க பெரிய குழாய்ல 95 சதவீதம் அடைப்பு. பெண்களுக்கும் நெஞ்சு வலி தான் அதிகமா வருதாம், ஆனா அதோட மத்த அறிகுறியும் ஆம்பளைங்கள விட அதிகமா சேர்ந்து வரும், அதனால நாமளும் கவனிக்க மாட்டோம், பாக்கறவங்களும் டென்ஷன்னு சொல்லிடுவாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர் சொன்னது, 2003ல 515 பெண்கள்கிட்ட அட்டாக்குக்கு அப்புறம் கேட்டு எழுதுன ஆராய்ச்சில 95 சதவீதம் பேர் முன்னாடியே உடம்பு ஏதோ சொல்லுச்சுனு சொல்லியிருக்காங்க, பத்துல ஏழு பேர் சொன்னது அசாதாரண அசதி, கிட்டத்தட்ட பாதி பேருக்கு தூக்கம் கெட்டிருக்கு. எனக்கு அந்த ரெண்டும் இருந்துச்சு.


புதுச்செருப்பு | மதியம் 12:10

இதெல்லாம் படிக்க படிக்க எனக்கு நெஞ்சு படபடங்குது. எனக்கு 27 தான், அடிக்கடி இடது மார்புல சுருக் சுருக்னு ஊசி குத்தற மாதிரி வரும், ரெண்டு செகண்ட்ல போயிடும். ஒரு தடவ ஆபீஸ்ல மூச்சு முட்டி கை விரல் எல்லாம் மரத்து போய் செத்தே போயிடுவேன்னு நினைச்சேன், பேனிக் அட்டாக்னு சொன்னாங்க. இத எப்படி பிரிச்சு பாக்கறது சிஸ்டர்?


நைட் டியூட்டி | மதியம் 12:45

ஒரு விரலால தொட்டு காட்டற மாதிரி ஒரே புள்ளியில ஊசி குத்தல், செகண்ட் கணக்குல போறது, அழுத்துனா வலிக்கறது, மூச்ச இழுத்தா கூடுறது, இதெல்லாம் பெரும்பாலும் தசை, விலா எலும்பு சமாச்சாரம். பேனிக் பொதுவா 10 நிமிஷத்துல உச்சத்துக்கு போய் இறங்க ஆரம்பிக்கும், விரல் மரத்து போறது அதிகமா மூச்சு விடறதால. ஆனா "பெரும்பாலும்"னு தான் எழுதியிருக்கேன், கவனிங்க. எங்களுக்கே இசிஜி, ரத்த பரிசோதனை எல்லாம் பாக்காம சொல்ல முடியாது, நீங்க ஆபீஸ் சேர்ல உக்காந்து எப்படி சொல்வீங்க. மொத தடவ வந்தா, இல்ல வழக்கத்துக்கு மாறா வந்தா, காட்டிடுங்க. பேனிக்னு தெரிஞ்சு திரும்பி வந்தா யாரும் உங்கள திட்ட போறதில்ல. அப்படி யாராவது ஒரு டாக்டர் முகம் சுளிச்சா கூட பரவால்ல, திரும்பி வந்தீங்கல்ல.

இன்னொன்னு எல்லாருக்கும். நடந்தா, மாடி ஏறுனா நெஞ்சு இறுகுது, நின்னா அஞ்சு பத்து நிமிஷத்துல போயிடுதுனா அது குழாய் சுருங்கியிருக்குங்கறதுக்கு அடையாளம், அந்த வாரத்துலயே டாக்டர பாக்கணும். அதே இறுக்கம் முன்ன விட கம்மி தூரத்துலயே வருது, இல்ல சும்மா உக்காந்திருக்கும்போது, தூக்கத்துல வருதுனா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும்.


அரைத்தூக்கம் | மாலை 6:20

எல்லாருக்கும் பெரிய நன்றி. 9 மணிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன், அப்பா வாசல்ல பக்கத்து வீட்டுக்காரங்க பாக்கறாங்கனு வெட்கப்பட்டுகிட்டே ஏறுனாரு. போனதும் இசிஜி எடுத்தாங்க, நார்மல். அப்பா என்ன பாத்த பார்வை இருக்கே! "பாத்தியா, வெட்டி செலவு"னு செருப்ப போட ஆரம்பிச்சுட்டாரு. நானும் கிளம்பிடலாமானு நினைச்சேன், உண்மைய சொல்றேன்.

அந்த டியூட்டி டாக்டர் தான் விடல. இசிஜிங்கறது 10 செகண்ட் நடக்கறத எடுக்கற போட்டோ மாதிரி, அந்த 10 செகண்ட்ல ஒன்னும் தெரியலனா ஒன்னும் இல்லனு ஆகாது, உக்காருங்கனு சொல்லி அரை மணி நேரம் கழிச்சு இன்னொன்னு எடுத்தாங்க, அதுல லேசா மாற்றம். ரத்தத்துல ட்ரோபோனின்னு ஒரு டெஸ்ட், இதய தசை அடி வாங்குனா மட்டும் கசியற புரதமாம், அது அதிகமா இருந்துச்சு, சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது தடவ எடுத்தப்ப இன்னும் ஏறியிருந்துச்சு. ஹார்ட் அட்டாக் தான், ராத்திரியே வந்திருக்கு, முழுசா அடைக்காத வகைனு சொன்னாங்க. மதியம் ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வச்சிருக்காங்க. எக்கோல பம்பிங் 50, பரவால்லனு சொன்னாங்க. போன வருஷ இசிஜி நார்மல்னு சொன்னேன், அதுக்கு டாக்டர் சொன்னது, பாதி கூட அடைக்காம இருந்த கொழுப்புத் திட்டு திடீர்னு வெடிச்சு அது மேல ரத்தம் உறைஞ்சு ஒரே ராத்திரில அடைக்கலாம், போன வருஷ பேப்பர்ல அது தெரியாதுனு.

அப்பா ஐசியூல இருக்காரு. உள்ள போனதும் மொத கேள்வி, "அந்த கேஸ் மாத்திரை இங்க கொடுப்பாங்களா"னு.


கணக்குப்பிள்ளை | மாலை 6:35

50ஆ! நல்லதுங்க, ரொம்ப நல்லது. என் அப்பாகிட்ட சொன்னேன், உங்க அப்பாவ ஒரு நாள் வந்து பாக்கணும்ங்கறாரு. கொடுக்கற மாத்திரைய ஒரு வேளை கூட விடாதீங்க, முக்கியமா அந்த ஸ்டென்ட் அடைக்காம இருக்க கொடுக்கறத, டாக்டர் சொல்லாம யார் சொன்னாலும் நிறுத்த கூடாது.


பழைய சைக்கிள் | மாலை 7:00

சந்தோஷம் தம்பி. அந்த மெசேஜ நான் அனுப்புன மூணு குரூப்லயும் தப்புனு போட்டுட்டேன். ஒரு குரூப்ல என்ன திட்டிட்டாங்க, பரவால்ல.


அரைத்தூக்கம் | இரவு 9:50

மழைக்குருவி அக்கா, ஒன்னு கேக்கணும். வெளிய பெஞ்சுல உக்காந்து நீங்க எழுதுனத அம்மாவுக்கு படிச்சு காட்டுனேன். கேட்டுட்டு ஒன்னும் பேசல. அப்புறம் மெதுவா "எனக்கும் அசதியா தான் இருக்கு, ராத்திரில இருந்து தூங்கல, அதா இருக்கும்"னாங்க. அதா தான் இருக்குமா?


மழைக்குருவி | இரவு 9:58

இருக்கலாம் தம்பி. ஆனா நேத்துக்கு முன்னாடியே இருந்துச்சானு கேளுங்க. மாடி ஏறும்போது எப்படினு கேளுங்க. "அசதியா இருக்கா"னு கேக்காதீங்க, இல்லனு தான் சொல்வாங்க, எங்கெங்க நின்னு நின்னு போறீங்கனு கேளுங்க.


அரைத்தூக்கம் | இரவு 10:20

கேட்டேன். ரெண்டு மாசமா மொட்டை மாடிக்கு துணி காய போட போகும்போது நடுப்படில பக்கெட்ட வச்சிட்டு நிப்பாங்களாம், தொண்டைகிட்ட ஏதோ அடைக்கிற மாதிரி வந்து போகுமாம். இப்ப ஒன்னும் இல்லங்கறாங்க. இங்க கீழயே எமர்ஜென்சி இருக்கு, வீல்சேர் கேட்டிருக்கேன்.